குளிர் தேசத்துக் குறிப்புகள் - 9: பார்டர் கடையும் யானைக் கூட்டமும்

தீசிஸ் என்கிற பெரிய ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்ததால் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. "உயிரோட இருக்கியா"ன்னு தனி மடலில் விசாரித்த மூணு பேருக்கும் நன்றி. இருக்கேன். கொஞ்சம் பெரிய பதிவு, டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

போன நவம்பர்ல ஒரு சனிக்கிழமை காலை. குப்பை போடக் கீழே இறங்கினேன். (இங்க மஞ்சள், நீலம், பழுப்புன்னு கலர் கலராத் தொட்டி. மாத்திப் போட்டா மாடி ஜன்னல்லேர்ந்து ஒரு பாட்டி பார்க்கிற பார்வை இருக்கே, விசா கேன்சல் ஆன மாதிரி இருக்கும்.) அப்பதான் அந்த வாசனை மூக்குல ஏறிச்சு. டூ-ஸ்ட்ரோக் புகை. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரியற அந்த இனிப்பான நெடி. கெம்னிட்ஸ் வந்து ஒண்ணரை வருஷத்துல பஸ் புகை, சிகரெட் புகை, பக்கத்து ரூம் பஞ்சாபி பையன் தாளிக்கிற புகை எல்லாம் பார்த்தாச்சு, இது மட்டும் வந்ததில்லை. குப்பைப் பையைக் கையில பிடிச்சபடியே வாசனை பிடிச்சுக்கிட்டுப் போனேன்.

கொல்லைப்புற ஷெட்டுல கீழ் வீட்டுப் பெரியவர். அதுவரைக்கும் அவருக்கும் எனக்கும் "குட்டன் மோர்கன்" தவிர வேற பேச்சு கிடையாது. முன்னாடி ஒரு எம்.இசட் 250, அதோட ஒட்டிக்கிட்டு ஒரு சைடு கார். ஷோலே படத்துல அமிதாப்பும் தர்மேந்திராவும் போவாங்களே, அந்த மாதிரி. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜெர்மன்ல "இந்தியா... யமஹா... ஆர்.எக்ஸ். 100..."னு உளறினேன். அவர் துணியில கையைத் துடைச்சுக்கிட்டு, "யமஹாவோட பாட்டன் வீடு இங்கேர்ந்து பதினஞ்சு கிலோமீட்டர்தான், தெரியுமா உங்களுக்கு?"ன்னார்.

தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன், அதனால சொல்லிடறேன். கெம்னிட்ஸ் பக்கத்துல ஷோப்பாவ்னு ஒரு சின்ன மலையூர். டி.கே.டபிள்யூ கம்பெனி அங்கதான் இருந்துச்சு. 1920-களின் கடைசியில உலகத்துலயே அதிகமா மோட்டார் சைக்கிள் செஞ்சவங்க அவங்கதான். ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்ச சமயத்துல ஆர்.டி. 125-னு ஒரு சின்ன வண்டி கொண்டு வந்தாங்க. ஜெர்மனி தோத்தப்ப ஜெயிச்சவங்க அதோட டிசைனை எடுத்துக்கிட்டாங்க. இங்கிலாந்துல அது பி.எஸ்.ஏ. பான்டம் ஆச்சு, அமெரிக்காவுல ஹார்லி டேவிட்சன் 125 ஆச்சு, ரஷ்யாவுல மாஸ்க்வா ஆச்சு. 1955-ல ஜப்பான்ல யமஹா தன்னோட முதல் வண்டியா செஞ்ச ஒய்.ஏ.-1-ம் இதைப் பார்த்துச் செஞ்சதுதான். அந்த யமஹாவோட ஆர்.எக்ஸ். 100 நம்ம ஊருக்கு 1985-ல வந்து, 1996-ல உற்பத்தி நின்னு, இன்னிக்கும் காலேஜ் பசங்க லட்ச ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கிட்டு இருக்காங்க. போருக்கு அப்புறம் அதே ஷோப்பாவ் தொழிற்சாலைதான் எம்.இசட் ஆச்சு. பெரியவர் அங்க வேலை பார்த்தவர். 1990-ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணாச் சேர்ந்ததும் கிழக்குல எல்லாரும் மேற்கத்தி பழைய கார் வாங்க ஓடினாங்க, எம்.இசட் வாங்க ஆளில்லை. வேலை போச்சு. இதை அவர் சொன்னப்ப முகத்துல ஒண்ணும் தெரியல, ஸ்பார்க் பிளக்கைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னார்.

ஆர்.எக்ஸ். 100-னு ஏன் சொன்னேன்? இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

காலேஜ்ல எங்க செட்டு நாலு பேர். வருஷா வருஷம் சாரல் சீசன்ல, ஜூலை கடைசி இல்லேன்னா ஆகஸ்ட் முதல் வாரம், சென்னைலேர்ந்து பைக்ல கிளம்பி பிரானூர் பார்டர் கடைக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டு வர்றது. அருவியில குளிக்கலைன்னாலும் பரவாயில்லை, பரோட்டாதான் முக்கியம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. விழுப்புரம், திருச்சி, மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா, ராஜபாளையம் தாண்டினதும் வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். கடையநல்லூர் கிட்ட காத்துல ஒரு ஈரம் அடிக்கும் பாருங்க, காலைலேர்ந்து உட்கார்ந்து மரத்துப் போன இடமெல்லாம் சரியாயிடும்.

அந்தக் கடையைப் பத்தி எழுதாத பதிவர் இல்லை, நான் புதுசா என்ன சொல்லிடப் போறேன். உள்ளங்கை அளவு பரோட்டா, இலையில பிச்சுப் போட்டு சால்னா ஊத்தினா ஊறி நிக்கும், பக்கத்துல மிளகு போட்ட நாட்டுக்கோழி. எத்தனை சாப்பிட்டோம்னு எண்ணக் கூடாது, அது எங்க சட்டம். பேர்க்காரணம் மட்டும் சொல்றேன், நிறைய பேர் கேரளா பார்டர்னு நினைச்சுக்கிறாங்க. செங்கோட்டை 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். அப்ப எல்லை பிரானூர் கிட்ட. மாநிலங்களை மொழிவாரியாப் பிரிச்சப்ப செங்கோட்டை நம்ம பக்கம் வந்துச்சு, எல்லை மேற்கே மலைப்பக்கம் நகர்ந்து போச்சு. பேரு மட்டும் போகாம அங்கேயே உட்கார்ந்துக்கிச்சு.

2017, 2018, 2019. மூணு தடவை போனோம். முன்னாடி போறவன் எப்பவும் ஒருத்தன்தான், அவனை கேப்டன்னு கூப்பிடுவோம். அவங்கப்பாவோட ஆர்.எக்ஸ். 100. அந்த சைலன்சர் சத்தத்தைப் பின்னாலேர்ந்து கேட்டுக்கிட்டே போனா தூக்கமே வராது.

2019 ஆகஸ்ட்ல திரும்பி வர்றப்ப உளுந்தூர்பேட்டை தாண்டி, விடிகாலை நாலரை மணிக்கு, ரோட்டோரம் விளக்கில்லாம நின்னுக்கிட்டிருந்த ஒரு லாரியில கேப்டன் மோதிட்டான். ஆஸ்பத்திரி போற வரைக்கும் கூட இல்லை.

இது எங்க செட்டுக்குத் தெரியும், காலேஜ் முழுக்கத் தெரியும். ராத்திரி ஓட்ட வேண்டாம், மதுரையில தங்கிட்டு காலைல கிளம்பலாம்னு அவன் சொன்னான். திங்கள்கிழமை காலைல எனக்கு கேம்பஸ் இன்டர்வியூ. "நீ வேணா தங்கு, நான் பஸ் பிடிச்சுப் போறேன்"னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டு ஹெல்மெட்டை மாட்டினான். இதை நான் எழுதறது இதுதான் முதல் தடவை. அவங்க அம்மாகிட்ட சொன்னதில்லை. காரியம் முடிஞ்சதுக்கப்புறம் ரெண்டு தடவை அவங்க போன் பண்ணாங்க, எடுக்கலை. அப்புறம் கொரோனா வந்துச்சு, வேலை வந்துச்சு, ஜெர்மனி வந்துச்சு. சாக்கு கிடைக்கிறது ரொம்ப சுலபம்.

சரி, ஷெட்டுக்கு வருவோம்.

டிசம்பர்ல ஒருநாள் பெரியவர் கதவைத் தட்டினார். ஜனவரி கடைசியில பவேரியக் காட்டுக்குப் போறேன், யானைக் கூட்டம், சைடு கார் காலியா இருக்கு, வர்றீங்களான்னு கேட்டார். சர்க்கஸ்னு நினைச்சுட்டேன் :-)

எலிஃபான்டன்ட்ரெஃபன். யானைகள் சந்திப்பு. குளிர் உச்சத்துல இருக்கிற நேரமாப் பார்த்து, பனியில மோட்டார் சைக்கிள்ல போய், கூடாரம் அடிச்சுத் தங்கிட்டு வர்ற ஒரு திருவிழா. எர்ன்ஸ்ட் லெவர்குஸ்னு ஒரு மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர் 1956 ஜனவரியில ஸ்டுட்கார்ட் பக்கம் சொலிடியூட்ல ஆரம்பிச்சு வெச்சது. (அதே 1956. செங்கோட்டையை நினைச்சுக்கிட்டேன்.) ட்ஸுண்டாப் கே.எஸ். 601-னு ஒரு தடியான வண்டி, சைடு கார் இழுக்கிறதுக்குன்னே பிறந்தது. பச்சை யானைன்னு செல்லப் பேரு. அந்த வண்டி வெச்சிருக்கவங்க சும்மா கூடலாம்னுதான் முதல்ல கூடினாங்க. அப்புறம் எல்லா வண்டியும் வர ஆரம்பிச்சு, 1961-லேர்ந்து 1977 வரைக்கும் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்ல நடந்து, கூட்டம் கட்டுக்கடங்காமப் போய், ஆஸ்திரியாவுல கொஞ்ச காலம் இருந்து, 1989-லேர்ந்து பவேரியக் காட்டுல துர்மான்ஸ்பாங் பக்கத்துல லோங்கிற குக்கிராமத்துல நடக்குது.

ட்ஸுண்டாப்னா யாரோன்னு நினைக்காதீங்க. எண்பதுகள்ல என்ஃபீல்டு இந்தியா சில்வர் பிளஸ்னு ஒரு 50 சிசி வண்டி விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அது ட்ஸுண்டாப் லைசென்ஸ்ல செஞ்சது. எங்க பெரிய மாமா அதுலதான் பத்து வருஷம் ரேஷன் அரிசி மூட்டை கட்டிக்கிட்டு வந்தார். அசல் கம்பெனி 1984-ல திவால் ஆயிடுச்சு. மாமா வண்டி அதுக்கப்புறமும் ஓடிச்சு.

போறதா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். 2019-க்கு அப்புறம் நான் பைக்ல ஏறினதில்லை. பின் சீட்டுலகூட இல்லை. பெரியவர்கிட்ட காரணம் சொல்லலை. "குளிருமே"ன்னு மட்டும் சொன்னேன். "குளிரும்"னு அவரும் ஒத்துக்கிட்டார். அவ்வளவுதான் விவாதம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி, மைனஸ் ஆறு. உள்ளே ரெண்டு ஸ்வெட்டர், மேல அவர் கொடுத்த பழைய தோல் கோட்டு, மடியில வெந்நீர்ப் பை, காலடியில செய்தித்தாள். சைடு கார்ல உட்கார்ந்தா ரோடு இடுப்புக்குக் கீழ ஓடுது. குழந்தையை வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி ஒரு மரியாதை கலந்த அவமானம். பெரியவர் ஆட்டோபான் பக்கமே போகலை, எழுபதுக்கு மேல ஓட்டலை. முதல் அரை மணி நேரம் எதிர்ல வர்ற ஒவ்வொரு லாரிக்கும் கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம் குளிர்ல கண்ணை மூடித் திறக்கிறதே கஷ்டமா இருந்ததால விட்டுட்டேன்.

ஹோஃப் ஊரைத் தாண்டி ஒரு கிராமம். பேரைச் சொல்லலை, அங்க கூட்டம் சேர்றது பெரியவருக்குப் பிடிக்காது. ஒரு சர்ச், பத்துப் பதினஞ்சு வீடு, ஒரு காஸ்ட்ஹவுஸ். அதாவது கீழே சாப்பாட்டுக் கடை, மேல கடைக்காரர் வீடு. பத்து மேஜை இருக்கும். பச்சை ஓடு பதிச்ச கணப்பு. பெரியவர் சைடு கார் பின்னாலேர்ந்து பேப்பர் சுத்தின ஒரு பொட்டலத்தை எடுத்துக்கிட்டு உள்ள போய் கல்லாவுல இருந்த அம்மாகிட்ட கொடுத்தார். ஸ்டோலன். சாக்சனிக்காரங்க கிறிஸ்துமஸுக்குச் செய்யற பழ ரொட்டி.

அப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. அவர் வருஷா வருஷம் வர்றது யானைக் கூட்டத்துக்கு இல்லையாம். இந்தக் கடைக்குத்தான். யானைக் கூட்டம் சும்மா சாக்கு.

சுவர் இருந்த காலத்துல கிழக்குக்காரங்க யானைக் கூட்டத்துக்குப் போக முடியாது. அவங்களுக்குன்னு 1971-லேர்ந்து கெம்னிட்ஸ் பக்கத்துல ஆகுஸ்டுஸ்பர்க் கோட்டையில ஒரு குளிர்காலச் சந்திப்பு நடந்துச்சு. அங்க உட்கார்ந்துக்கிட்டு, மேற்கேர்ந்து கைமாறி வந்த பத்திரிகையில யானைக் கூட்டத்துப் படங்களைப் பார்ப்பாங்களாம். 1989 நவம்பர்ல எல்லை திறந்துச்சு. 1990 ஜனவரியில பெரியவரும் அவரோட ஃபாக்டரி சிநேகிதரும் இதே வண்டியில கிளம்பினாங்க. ஹோஃப் தாண்டினதும் சிநேகிதருக்குக் குளிர்ல கை விறைச்சுப் போச்சு. முதல்ல கண்ணுல பட்ட கதவைத் தட்டினாங்க. கையில இருந்தது மேற்கு அரசாங்கம் கிழக்குக்காரங்களுக்கு வரவேற்புன்னு கொடுத்த 100 மார்க்ல மிச்சம். இப்ப கல்லாவுல இருக்கிற அம்மாவோட மாமியார்தான் அப்ப சூப் கொடுத்தது. காசு வாங்கலை. "அடுத்த வருஷம் வந்து கொடுங்க"ன்னாங்களாம். அடுத்த வருஷம் போனப்பவும் அதையே சொன்னாங்களாம். இப்ப மருமகள் அதையே சொல்றாங்க. அதனாலதான் ஸ்டோலன்.

சிநேகிதர் எங்கேன்னு கேட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி புற்றுநோய்ல போயிட்டாராம். சைடு கார்ல நான் உட்கார்ந்திருந்த இடம் அவரோடது.

எனக்குப் பருப்பு சூப் வந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா புளி போட மறந்துட்ட சாம்பார். ஆனா மைனஸ் ஆறுல மூணு மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்தவனுக்கு அது என்னன்னு உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ரெண்டாவது கிண்ணம் கேட்கறதுக்குள்ள வந்துச்சு. எண்ணக் கூடாதுங்கிற சட்டம் அங்கயும் இருக்கு போல.

அங்கதான் சொன்னேன். கேப்டன், உளுந்தூர்பேட்டை, இன்டர்வியூ எல்லாம். என் ஜெர்மன்ல இறந்த காலம் எப்பவுமே தகராறு, வினைச்சொல்லை எல்லாம் தப்பு தப்பாப் போட்டேன். அவர் ஒண்ணையும் திருத்தலை. வழக்கமா திருத்துவார். முடிச்சதும் கொஞ்ச நேரம் கணப்பைப் பார்த்துக்கிட்டிருந்தார். "அவங்க அம்மா இருக்காங்களா?"ன்னு கேட்டார். இருக்காங்கன்னேன். அப்புறம் கிளாஸைத் தூக்கி, தன்னோட முதல் பேரைச் சொன்னார். இங்க வயசுல பெரியவங்க அப்படிச் சொன்னா, இனிமே நீங்க, வாங்க வேண்டாம், நீ, வான்னே பேசிக்கலாம்னு அர்த்தம். எனக்கு இன்னும் வாய் வரலை. எங்க ஊர்ல அறுபத்தஞ்சு வயசு மனுஷனை நீன்னு கூப்பிட்டா அம்மா செருப்பைத் தூக்குவா.

மீதி வழியைச் சுருக்கமாச் சொல்றேன். வைடன், காம், ரேகன், ஒரே பனி, ரெண்டு தடவை நான் இறங்கித் தள்ளினேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலைக்கு நடுவுல கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், சூனியக்காரி கொப்பரைன்னு பேரு. உள்ள கார் கிடையாது, வண்டியும் கூடாரமும் நெருப்பும்தான். குளிர் ஏறாம இருக்க வைக்கோல் வாங்கித் தரையில பரப்பி மேல கூடாரம் போடறாங்க. பொங்கலுக்கு மாட்டுக் கொட்டகையில வர்ற அதே வாசனை. பக்கத்துக் கூடாரத்துல மூணு இத்தாலிக்காரங்க, அதுல ஒருத்தர் வந்தது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்ல. இது எங்க ஊர்ல செஞ்சதுன்னு சொன்னதும் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஏதோ நானே நட்டு முடுக்கின மாதிரி, சைடு ஸ்டாண்டு பத்தி ஒரு புகார் சொன்னார்.

சனிக்கிழமை இருட்டினதும் தீப்பந்த ஊர்வலம். ரோட்டுல போய்ச் சேர்ந்துட்டவங்களை நினைச்சு வருஷா வருஷம் நடக்கிறதாம். பெரியவர் ரெண்டு பந்தம் வாங்கி ஒண்ணை என் கையில கொடுத்தார். அத்தனை வண்டி இருக்கிற இடத்துல அந்த நேரம் ஒரு எஞ்சின் சத்தம் இல்லை. காலடியில பனி நொறுங்கற சத்தம் மட்டும். மெழுகு உருகி கையுறை மேல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. கையுறை வீணாப் போச்சு, இன்னும் தூக்கிப் போடலை.

திங்கட்கிழமை ரூமுக்கு வந்து, இந்தியாவுல ராத்திரி எட்டு மணி இருக்கும்போது அம்மாவுக்கு, அதாவது கேப்டனோட அம்மாவுக்கு, போன் பண்ணேன். நம்பர் மாறியிருக்கும்னு கொஞ்சம் ஆசையா இருந்துச்சு. மாறலை.

"யாருப்பா? ... நீயா! ஜெர்மனிக்குப் போயிட்டியாமே. சாப்பாடெல்லாம் எப்படி? குளிருமாமே?"

குளிரும்மான்னேன். அப்புறம் மூச்சு விடாம சொல்லிட்டேன். அன்னிக்கு ராத்திரியே கிளம்பணும்னு அடம் பிடிச்சது நான்தாம்மா.

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டுச்சு. யாரோ அதைக் குறைச்சாங்க.

"தெரியும்ப்பா. மதுரைலேர்ந்து போன் பண்ணான். உனக்கு இன்டர்வியூ இருக்கு, ராத்திரியே கிளம்பறோம்னான். காலைல வாங்களேன்டான்னேன். இல்லம்மா, பாவம், பயந்துக்கிட்டிருக்கான்னான்." கொஞ்சம் நிறுத்தினாங்க. "ஏன்ப்பா போன் எடுக்கலை நீ? அன்னிக்கு அந்த இன்டர்வியூக்குப் போனியா இல்லையான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

போகலைம்மான்னேன்.

"போயிருக்கணும்"னாங்க. கோபமாத்தான் சொன்னாங்க.

அப்புறம் வண்டியைப் பத்திப் பேச்சு வந்துச்சு. அப்பா அதை விக்கலையாம். முன் பக்கம் மொத்தத்தையும் மாத்தி, மறுபடி பெயின்ட் அடிச்சு, ஞாயித்துக்கிழமை தவறாம கிக்கரை உதைச்சு ஸ்டார்ட் பண்றாராம். அக்கம்பக்கத்துல புகைன்னு சண்டைக்கு வர்றாங்களாம். "நீயே பேசு அவர்கிட்ட, இந்த வயசுல கால்ல சுளுக்கு வரப் போகுது"ன்னு சொல்லிட்டு, கொடுக்கட்டுமான்னுகூட கேட்காம, போனை அவர்கிட்ட கொடுத்துட்டாங்க.

அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. தொண்டையைக் கனைச்சுக்கிட்டார். அப்புறம், "ஏம்ப்பா, அங்க டூ-டி ஆயில் லிட்டர் என்ன விலை?"ன்னார்.

பி.கு: ஜெர்மனிக்கு வந்து வண்டி ஓட்டலாமான்னு போன தடவை ஒருத்தர் கேட்டிருந்தார். இங்க பதிவு பண்ணின நாள்லேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் இந்திய லைசென்ஸ் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு ரெண்டும் எழுதித்தான் ஆகணும். ஆகற செலவைப் பார்த்தா சைடு காரே மேல்.